ஸ்கேன்ல மூளை அதிகமா வேலை செய்யுதுன்னா நோய் ஆரம்பிச்சிருச்சா?

கேள்வி: மாமனாருக்கு ஹண்டிங்டன் நோய் (பரம்பரையா வர்ற மூளை நோய், கை கால் தானா ஆடும்). கணவருக்கு 36 வயசு, ஜீன் டெஸ்ட்ல சிஏஜி எண்ணிக்கை (அந்த ஜீன்ல ஒரு சின்னத் துண்டு எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருதுங்கற கணக்கு) 43. கை கால் ஆட்டம் எதுவும் இல்ல. ஒரு ஆராய்ச்சிக்காக எஃப்எம்ஆர்ஐ (மூளையில எந்த இடம் வேலை செய்யுதுன்னு காட்டுற ஸ்கேன்) எடுத்தப்போ, உருவத்தை மனசுல திருப்பிப் பாக்குற டெஸ்ட்ல சில இடத்துல மூளை அதிகமா வேலை செய்யுதுன்னாங்க. இப்போ ரிவர்ஸ் எடுக்குறப்போ ரெண்டு தடவை இடிச்சுட்டார். வண்டி ஓட்டலாமா?

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த ஸ்கேனை வச்சு யாரும் நோய் ஆரம்பிச்சிருச்சுன்னு சொல்ல முடியாதும்மா. சிஏஜி எண்ணிக்கை 40 இல்ல அதுக்கு மேல இருந்தா என்னைக்காவது நோய் வரும்ங்கறது நிஜம், ஆனா எந்த வருஷம்னு 43ங்கற நம்பர் சொல்லாது. ஆரம்பிச்சிருச்சான்னு டாக்டர் முடிவு பண்றது உடம்பு அசைவைப் பரிசோதிச்சுத்தான்.

அந்த டெஸ்ட்ல என்ன நடக்குதுன்னா, ஸ்கேனருக்குள்ள படுத்திருக்கவர் முன்னாடி ரெண்டு கட்டை உருவம் வரும், ஒண்ணு சாய்ஞ்சிருக்கும், ரெண்டும் ஒண்ணா இல்ல கண்ணாடி பிம்பமான்னு பட்டனை அழுத்தணும். அதுக்கு உச்சந்தலைக்குப் பின்பக்கம் இருக்குற பரைட்டல் பகுதியும், உள்ளுக்குள்ள இருக்குற காடேட்டும் சேர்ந்து உழைக்கணும். இந்த நோய்ல காடேட், அதுக்குப் பக்கத்துல இருக்குற புட்டமென் ரெண்டும் அசைவுல எதுவும் தெரியறதுக்கு 10 வருஷத்துக்கு முன்னாடியே சுருங்க ஆரம்பிச்சிடலாம், பின்பக்க மூளையோட மேலுறையும் சீக்கிரமே மெலியுது. அப்போ மத்த பகுதி கூடுதலா கை கொடுத்து அதே மார்க்கை வாங்கிக் கொடுக்குதுன்னு நாங்க பாக்கறோம். ஆனா சில ஆய்வுல அதிகமா தெரியுது, சிலதுல குறைவா தெரியுது, அதனாலதான் குழுவா ஒப்பிட இது உதவும், தனி ஒருத்தருக்குத் தீர்ப்பா எடுத்துக்கக் கூடாதுன்னு நான் அடிச்சுச் சொல்றேன்.

எனக்கு ஸ்கேனை விட அந்த ரெண்டு இடிதான் முக்கியம். இடத்தையும் தூரத்தையும் கணிக்கிறதுல தடுமாறுறாரான்னு பாக்க, கதவு நிலையில தோள் இடிக்குதா, டம்ளரை மேஜை ஓரத்துல வைக்கிறாரா, தெரிஞ்ச வழியில திரும்ப மறந்தாரா, தேதி போட்டு எழுதி வைங்க. கண்ணை ஒரு தடவை செக் பண்ணிடுங்க. தூக்கம், மனச்சோர்வு, பதட்டம் பத்தியும் கேளுங்க, இதுங்களாலயும் கவனம் சிதறும், இதுக்கெல்லாம் சிகிச்சை இருக்கு. அப்புறம் நியூரோசைக்காலஜிஸ்ட்கிட்ட (ஞாபகம், கவனம், யோசிக்கிற திறனை அளந்து பாக்குற நிபுணர்) முழு டெஸ்ட் எடுத்து வருஷா வருஷம் ஒப்பிடுங்க, ஒரு தடவை எடுத்த மார்க்கை விட அது எப்படி நகருதுங்கறதுதான் பேசும்.

வண்டி விஷயத்துல, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைப் பாதுகாப்பா செய்ய முடியுதான்னு பாத்து உதவுறவர்) கூட உக்காந்து ரோட்டுலயே ஓட்டிப் பாக்குற மதிப்பீடு கேளுங்க. அது முடியற வரைக்கும் ரிவர்ஸ் எடுக்கும்போது பேச்சு வேண்டாம், ராத்திரியும் நெரிசல் ரோடும் நீங்க ஓட்டுங்க. இதையும் அவரையே பக்கத்துல வச்சுப் பேசி முடிவு பண்ணுங்க, அவர் முதுகுக்குப் பின்னாடி சாவியை ஒளிச்சு வைக்க வேண்டாம்.