மாமியாருக்கு எந்தப் புடவை?

சித்திரையில் டெல்டா கோயில்களைச் சுற்றி வர மாமியாருக்குப் பருத்தியா, பாலியஸ்டரா, வெளிர் நிறமா, அடர் நிறமா என்று மூன்று பக்கம் கேட்டிருக்கிறீர்கள் சகோதரி. கடைசிப் பக்கத்தின் அடியில்தான் விஷயம் இருக்கிறது: போன வருஷம் திருநள்ளாறு வரிசையில் உங்கள் மாமனார் மயங்கி விழுந்தார், இந்த வருஷம் மாமியாரைக் கூட்டிப்போகப் பயமாக இருக்கிறது. அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். துணியைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

பல தடவை துவைத்து மெலிந்த, வெளிர் நிறப் பருத்திப் புடவை போதும். புதுசு வேண்டாம், கஞ்சி போட்டது வேண்டவே வேண்டாம். மேலே சுங்குடி, உள்ளே சாட்டின் பாவாடை, லைனிங் வைத்துத் தைத்த இறுக்கமான ரவிக்கை என்று வந்தால் சுங்குடி கட்டியதில் பயனில்லை. உள்துணியை முதலில் பாருங்கள். கோயிலுக்குப் பட்டுதான் கட்டுவேன் என்று மாமியார் பிடிவாதம் பிடிக்கிறார் என்றால், வழியில் திருபுவனத்தில் இறங்கி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கட்டிக்கொள்வது மார்கழியில்.

உங்கள் ஓசூரில் 36 டிகிரியும் திருநள்ளாற்றில் 36 டிகிரியும் ஒன்றல்ல. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாகப் போனால்தான் குளிரும். டெல்டாவில், அதிலும் கடலோரம் நெருங்க நெருங்க, காற்றே ஏற்கெனவே ஈரம். வியர்வை போக இடமில்லாமல் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கத்திரி வெயிலுக்கு முன்னாலேயே போய்த் திரும்பிவிடுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். சித்திரை முதல் வாரத்தில் உங்கள் உடம்பு இன்னும் கோடைக்குப் பழகியிருக்காது. பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், நீங்கள் வருவதோ இரண்டு நாளுக்கு. நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் இன்னும் மோசம். கால் மணி நேரம் குளுகுளு என்றிருக்கும், எல்லோரும் நிம்மதியாக அடுத்த கோயிலுக்குக் கிளம்புவார்கள். வெயில் திரும்பியதும் தரையிலிருந்து ஆவி கிளம்பும். அந்த நேரம்தான் எனக்குப் பயம்.

சரி, மாமனாருக்கு நடந்தது என்ன? வெகுநேரம் நின்றார், விழுந்தார், படுக்க வைத்ததும் இரண்டு நிமிடத்தில் தெளிந்து "என் செருப்பு எங்கே?" என்று கேட்டார். நீங்களே எழுதியதுதான். இது நின்று நின்று காலில் ரத்தம் தேங்கி வந்த மயக்கமாகத்தான் தெரிகிறது. அந்த வயதில் ஒரு ஈசிஜி எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை என்றால் இப்போது எடுங்கள். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது செருப்பைத் தேடுகிறவரைப் பார்த்து அல்ல.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம், கும்பகோணத்தில் என் கிளினிக் வாசலில் ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றது. உள்ளே அறுபத்தைந்து வயதுப் பெரியவர், அர்ச்சனைத் தேங்காய் மூடியைக் காதில் வைத்து மகளோடு போன் பேசிக்கொண்டிருந்தார். வேனில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். காய்ச்சல் பார்த்தேன், 105. பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த அரை மணி நேரம் வீணாகிப்போனது.

இதுதான் ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்று தோல் காய்ந்திருக்கும் என்று நெட்டில் படித்திருப்பீர்கள். சிலருக்குச் சட்டை நனைந்தபடியே வரும், தோல் காயட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெயிலில் அலைந்தவர் பேச்சுக் குழறினால், ஆளை மாற்றிக் கூப்பிட்டால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், நடை தள்ளாடினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காமல் நிழலில் கிடத்தி, புடவையைத் தளர்த்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, துண்டால் விசிறிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் சோடாவோ மோரோ ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் கொடுப்பது வீண். இது அந்தக் காய்ச்சல் இல்லை.

அப்புறம் அந்த வாந்தி மாத்திரை. வேன் ஏறும் முன் எல்லோருக்கும் ஒன்று கொடுப்பது வழக்கம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். புரோமெத்தசின் மாதிரி மாத்திரைகள் தூக்கத்தோடு வியர்வையையும் குறைக்கும். வயதானவருக்கு, இந்தப் புழுக்கத்தில், சமதரையில் ஓடும் வேனில் அது எதற்கு? மாமியாரின் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா என்று அவருடைய டாக்டரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மற்றவை. ஈரத்துணியோடு நின்றால் ஜன்னி வராது. நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரப் புடவையில் நடப்பவர்தான் அந்த வரிசையிலேயே சௌக்கியமாக இருப்பவர். பாலியஸ்டர் கட்டினால் புற்றுநோய் என்ற வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள். வேர்க்குருவுக்குக் குளியலும் தளர்ந்த துணியும் போதும், டப்பா டப்பாவாகப் பவுடர் கொட்ட வேண்டாம்.

உங்கள் மகளின் தொடையில் வட்டமாக, ஓரம் சிவந்து அரிப்பது வேர்க்குரு இல்லை, அநேகமாகப் படர்தாமரை. லெக்கிங்ஸ் ஈரத்தில் வந்திருக்கும். மூன்று வாரமாகக் கடையில் கேட்டு வாங்கித் தடவும் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். பயணத்துக்கு முன் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், டியூபையும் கையோடு கொண்டுபோங்கள்.

திருநள்ளாறு, கீழப்பெரும்பள்ளம், திருவெண்காடு, வைத்தீஸ்வரன்கோயில் நான்கும் கிழக்கே இருப்பவை. அவற்றை ஒரு நாள் விடியலிலேயே தொடங்குங்கள். மத்தியானம் நடை சாத்தியிருக்கும் நேரத்தை வேனுக்குள் படுத்துக் கழிக்காதீர்கள், மின்விசிறி உள்ள மண்டபமோ அறையோ பிடியுங்கள். கடைசியாக ஒன்று, நீங்கள் எழுதாதது: மாமியார் வழியில் தண்ணீரே குடிக்க மாட்டார், இறங்க இடமிருக்காது என்று. டிரைவரிடம் எந்த ஊரில் நல்ல கழிவறை இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு, மாமியார் காதில் விழும்படி இரண்டு தடவை சொல்லுங்கள்.