முகத்தை மூன்றாம் தரமும் மாத்தச் சொல்றாரா?

வணக்கம் தங்கச்சி. நீர்வண்ணக் குடும்பப் படத்தின் முகத்தை வாடிக்கையாளர் மூன்றாம் தரமும் மாத்தச் சொல்றார், காசும் தரேல்லை, சொந்தப் பாணியும் பிடிபடேல்லை என்று எழுதியிருந்தீங்கள்.

இனி அந்த முகத்தை உரஞ்சாதீங்கோ. தண்ணியை உடனே உறிஞ்சாமல் தடுக்கிற தாளின் மேற்பசை கிளம்பினால் அடுத்த பூச்சு திட்டுத்திட்டாக ஊறும், தடித்த 300 ஜிஎஸ்எம் தாளும் தாங்காது. பாதிக் காசு வந்தபிறகு புதுத் தாளில் தொடங்குங்கோ. நிறம் தொட முன்னம் பென்சில் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று எழுத்தில் வாங்குங்கோ. திருத்தம் இரண்டே தரம், அதுவும் பென்சில் நிலையில் மட்டும்.

பாணிக்கு, திருகோணமலை டவுனில் திரியிற மான்களையே வரைய எடுங்கோ. அல்ட்ராமரின் நீலம், பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, மஞ்சள் ஓக்கர் என்ற மண் மஞ்சள், இந்த மூன்றே நிறம். முதல் இரண்டையும் கலந்தால் அருமையான சாம்பல் வரும், கறுப்பே வேண்டாம். ஒன்றுக்கு 15 நிமிடமாக 20 படம் வரைஞ்சு நிலத்தில் பரப்புங்கோ. எதைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறீங்கள், காலா, கொம்பின் வளைவா, நிழலா? எதை விட்டிருக்கிறீங்கள்? அங்கதான் உங்கட கை தெரியும். அதில் நல்ல ஆறு படத்தை மட்டும் மாதிரி ஆல்பத்தில் வையுங்கோ, அடுத்த ஓர்டர் அதைப் பார்த்து வரட்டும்.