லடாக்கின் லேவில் வண்டியைச் சூடாக்கும் டீசல் ஹீட்டர் கறுப்புப் புகை விட்டு அணைகிறதா?

பம்ப் தள்ளும் டீசலைக் குறையுங்கள், புது ஹீட்டர் வாங்க வேண்டாம். மணாலியில் நன்றாக எரிந்தது லே போனதும் கறுப்புப் புகை விட்டு அணைகிறது என்கிறீர்கள். லே சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், ஆனால் பம்ப் அதே அளவு டீசலை அனுப்பிக்கொண்டே இருப்பதால் அது முழுதாக எரியாமல் உள்ளே கரி படிந்திருக்கும்.

1. கன்ட்ரோலரில் உயரத்துக்கான செட்டிங் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பம்ப் ஹெர்ட்ஸை (நொடிக்கு எத்தனை முறை டீசல் தள்ளுகிறது என்பதை) கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புகை நிற்கிறதா பாருங்கள்.

2. அப்புறம் அரை மணி நேரம் முழுச் சூட்டில் ஓடட்டும், லேசான கரி எரிந்துவிடும். ராத்திரி முழுக்கக் குறைந்த சூட்டிலேயே ஓட்டினால் மறுபடி படியும்.

3. அப்படியும் சரியாகவில்லையா? டீசலைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றி அதைச் சுற்றியுள்ள சல்லடையைப் பாருங்கள், பெரும்பாலும் அடைத்திருக்கும்.

அணைக்கும்போது பேட்டரி இணைப்பைப் பிடுங்காதீர்கள், ஃபேன் தானாக நிற்கட்டும், சூடான பாகங்கள் ஆறியாக வேண்டும். தயவுசெய்து கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் வண்டிக்குள் தூங்காதீர்கள். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, புகைக்குழாய் இணைப்பு லேசாகக் கழன்றிருந்தாலும் ஆபத்து.