அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல்: உங்கள் படிவம்தான் உங்கள் பாடப்புத்தகம்

கேள்வி: பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைக்காரனுங்க நான். மகள் மூலமாக கிரீன் கார்டு கிடைத்து ஆறு வருஷம் ஆகுது, டெக்சாசில் அவள் வீட்டில் இருக்கிறேன். வயசு 58. 2025 டிசம்பரில் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டோம், இப்போது நேர்காணலுக்குக் கடிதம் வந்துவிட்டது. 2023-ல் அம்மா படுத்த படுக்கையானதால் ஊருக்குப் போய் ஏழு மாதம் இருந்தேன். தென்னந்தோப்பையும் பார்த்துக்கொண்டேன். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் பாதி புரியும், பேச்சு வராது. 55 தாண்டினால் தமிழிலேயே பதில் சொல்லலாம் என்கிறார்களே, நிஜமா? நூறு சிவிக்ஸ் (அமெரிக்க வரலாறு, ஆட்சிமுறை) கேள்வியையும் மனப்பாடம் செய்துவிட்டேன். ஊரில் இருக்கிற தோப்புக்கு இதனால் ஏதாவது வில்லங்கம் வருமா?

பதில்: ஐயா, முதலில் அந்த நூறு கேள்விப் புத்தகத்தை மூடி வையுங்கள். அது 2008-ல் வந்த தேர்வு. 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய தேர்வுதான். உங்கள் விண்ணப்பம் டிசம்பரில் போனது, ஆகவே உங்களுக்கு 128 கேள்விகள். அதிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். 12 சரியானதும் நிறுத்திவிடுவார்கள். 9 தவறானாலும் நிறுத்திவிடுவார்கள். பழைய பட்டியலில் படித்தவற்றில் பெரும்பகுதி இதிலும் பயன்படும், உழைப்பு வீணாகவில்லை. ஆனால் புதிய பட்டியலில் ‘ஏன்’ என்று கேட்கும் கேள்விகள் கூடியிருக்கின்றன. குடியேற்றத் துறையின் தளத்திலிருந்து 128 கேள்விப் பட்டியலை இன்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

55 வயது விஷயத்தில் யாரோ பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் நாளில் 55 வயதும், கிரீன் கார்டோடு 15 வருஷமும் ஆகியிருந்தால்தான் ஆங்கிலத்திலிருந்து விலக்கு. 50 வயதுக்காரருக்கு 20 வருஷம் வேண்டும். 65 வயதும் 20 வருஷமும் ஆனவர்களுக்குப் படிக்க வேண்டியது 20 கேள்விகள் மட்டுமே. உங்களுக்கு ஆறு வருஷம்தான் ஆகிறது. ஆகவே எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும், மகள் மொழிபெயர்ப்பாளராக உள்ளே வர முடியாது. அவர் வெளியே காத்திருக்கலாம்.

இதற்காகக் கலங்க வேண்டாம். பேச்சு ஆங்கிலத்துக்கென்று தனித் தேர்வு கிடையாது. நீங்கள் கொடுத்த என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருப்பதையே அதிகாரி வாய்மொழியாகக் கேட்பார். அதைப் புரிந்துகொண்டு பதில் சொல்கிறீர்களா என்பதே தேர்வு. சிவிக்ஸ் கேள்விகளைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கும் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மகளிடம் சொல்லிப் படிவத்தின் நகலை அச்செடுங்கள். மீதமுள்ள நாட்களில் பாதி நேரம் அதற்கே போகட்டும்.

படிவத்தின் நடுவில் ‘ஹேவ் யூ எவர்’ என்று தொடங்கும் நீண்ட வரிசை ஒன்று உண்டு. எப்போதாவது கைதானீர்களா, வரி பாக்கி உண்டா, அமெரிக்காவில் ஓட்டுப் போட்டீர்களா, யாரையாவது துன்புறுத்தினீர்களா என்று போகும். பெரும்பாலானவற்றுக்கு ‘நோ’ என்பதே உண்மையான பதிலாக இருக்கும். அந்த ‘நோ’ நாக்கில் ஊறிப்போன பிறகு, வரிசையின் கடைசியில் கேள்வி திசை மாறும். அரசியல் சாசனத்தை ஆதரிக்கிறீர்களா, உறுதிமொழி புரிகிறதா, சட்டம் கேட்டால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா? இவற்றுக்கு ‘யெஸ்’. அவற்றின் நடுவிலேயே, உடல் அல்லது மனக் குறைபாட்டால் உறுதிமொழி எடுக்க இயலாதவரா என்று ஒரு கேள்வி நிற்கும். அதற்கு மறுபடி ‘நோ’. வரிசையை மனப்பாடம் செய்தால் இங்கே கால் இடறும். ஒவ்வொரு கேள்விக்கும் தமிழில் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

சில சொற்களுக்கு ‘வாட் டஸ் இட் மீன்’ என்று அதிகாரி திருப்பிக் கேட்பதும் உண்டு. எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி போதும். ‘ஓத்’ என்றால் ‘ப்ராமிஸ் டு டெல் தி ட்ரூத்’. ‘அலீஜியன்ஸ்’ என்றால் ‘லாயல்ட்டி’. ‘பேர் ஆர்ம்ஸ்’ என்றால் ‘கேரி எ கன் ஃபார் தி கன்ட்ரி’. ‘ஓவர்த்ரோ’, ‘பெர்செக்யூட்’, ‘டிப்போர்ட்’, ‘டோட்டாலிட்டேரியன்’ ஆகியவற்றுக்கும் இதே மாதிரி ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துப் பழக்கம் இரண்டை இப்போதே மாற்றிக்கொள்ள வேண்டும். ஒன்று, தலையாட்டுவது. நாம் பக்கவாட்டில் தலையசைத்தால் அது ஆமாவா இல்லையா என்று அவருக்குப் புரியாது. வாய் திறந்து ‘யெஸ்’ அல்லது ‘நோ’ சொல்ல வேண்டும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. ‘போலீஸ் கேஸ் எதுவும் இல்லையே?’ என்று கேட்டால் நாம் ‘ஆமாங்க’ என்போம், இல்லை என்பதை ஒப்புக்கொள்கிற ‘ஆமா’ அது. அதிகாரி ‘யூ ஹேவ் நெவர் பீன் அரெஸ்டட்?’ என்று கேட்கும்போது அதே நினைப்பில் ‘யெஸ்’ என்றால், கைதானதாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். ‘நோ, நெவர்’ என்று முழுதாகச் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி புரியாவிட்டால் ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள். ‘ப்ளீஸ் ரிபீட் தி கொஸ்டின்’ என்றோ, ‘கேன் யூ சே இட் இன் அனதர் வே’ என்றோ தயங்காமல் கேளுங்கள். திரும்பச் சொல்வதும், வேறு சொற்களில் மாற்றிக் கேட்பதும் அதிகாரியின் கடமையில் அடக்கம். அதற்காக மதிப்பெண் குறையாது.

வாசிப்பிலும் எழுத்திலும் மும்மூன்று வாய்ப்புகள், தலா ஒரு வாக்கியம் சரியானால் போதும். இப்போது பெரும்பாலும் டேப்லெட் திரையில்தான் வாசிப்பதும், பேனா போன்ற குச்சியால் எழுதுவதும். மகளின் டேப்லெட்டில் எழுதிப் பழகுங்கள். திரையில் கை வழுக்கும், அதுதான் புதியவர்களைப் பதற வைக்கிறது. உச்சரிப்பில் தமிழ் வாசனை அடித்தால் பரவாயில்லை. எழுத்துப் பிழையையும் பொருள் மாறாத வரை பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் சொல்லைச் சுருக்கி எழுதக் கூடாது, வாசிக்கும்போது முக்கியமான சொல்லை விட்டுவிடக் கூடாது. இரண்டுக்கும் சொற்பட்டியலை அரசே வெளியிட்டிருக்கிறது, அதைத் தாண்டி எதுவும் வராது.

சிவிக்ஸை நம் ஊர்க் கணக்கோடு ஒட்டிப் படித்தால் நிற்கும். நம் மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், கேரளத்துக்கு 9. மக்கள்தொகையை வைத்துப் பிரித்தது. அமெரிக்க செனட்டில் பெரிய மாநிலமோ சிறியதோ, ஆளுக்கு இரண்டே. ஐம்பது மாநிலங்கள், ஆகவே நூறு செனட்டர்கள். பதவிக்காலம் ஆறு வருஷம், நம் மாநிலங்களவை மாதிரியே. பிரதிநிதிகள் சபைக்கு மட்டும் இரண்டே வருஷம், ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் 435. நம் அரசியல் சாசனத்தை நூறு தடவைக்கு மேல் திருத்திவிட்டோம், அவர்கள் 27 தடவைதான். ஜனாதிபதி, டெக்சாஸ் கவர்னர், உங்கள் செனட்டர்கள் போன்று மாறக்கூடிய பெயர்களை மட்டும் நேர்காணலுக்கு முந்தைய நாள் மறுபடி சரிபாருங்கள். அன்று பதவியில் இருப்பவர் பெயர்தான் சரியான விடை.

இனி அந்த ஏழு மாதம். உங்கள் விஷயத்தில் ஆங்கிலத்தைவிட இதற்குத்தான் அதிகத் தயாரிப்பு வேண்டும். ஐந்து வருஷத்தில் 30 மாதம் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கில் நீங்கள் தாராளமாகத் தேறிவிடுவீர்கள். ஆனால் தொடர்ச்சியாக வசித்தீர்களா என்பது வேறு விதி. ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல், ஒரு வருஷத்துக்குள் வெளியே இருந்தால், வசிப்பு அறுந்துவிட்டதாகச் சட்டம் ஊகித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காகிதத்தோடு காட்டும் பொறுப்பு உங்களுடையது. ஒரு வருஷத்தைத் தொட்டிருந்தால் ஊகமே இல்லை, நேராக அறுந்ததுதான். நீங்கள் அந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்கிறீர்கள்.

காட்ட வேண்டியவை: அந்த ஏழு மாதமும் டெக்சாஸ் வீட்டில் உங்கள் இடம் அப்படியே இருந்ததற்கு மகளின் வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், உங்கள் பெயரில் அங்கே நடந்த வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, அந்த வருஷத்து வரி ஆவணம், குடும்பம் அங்கேயே இருந்ததற்கான சான்று. போன காரணத்துக்கு அம்மாவின் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, டாக்டர் கடிதம். இவற்றில் மலையாளத்திலோ தமிழிலோ உள்ளதை முழுதாக ஆங்கிலத்தில் பெயர்த்து, ‘இரு மொழியும் அறிவேன், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது’ என்று பெயர்த்தவர் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். வீட்டு ஆட்களை விட்டு வெளியார் செய்வது நல்லது.

தோப்பு வேலையை மறைக்காதீர்கள். ‘டு டேக் கேர் ஆஃப் மை மதர். ஐ ஆல்சோ லுக்ட் ஆஃப்டர் அவர் கோகனட் ஃபார்ம்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். தோப்பைச் சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். விவசாய வருமானத்துக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. ஆனால் கிரீன் கார்டு வாங்கிய நாளிலிருந்து உலகில் எங்கு சம்பாதித்தாலும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்ட வேண்டும், தேங்காய்ப் பணமும் அதில் சேரும். ஊர்க் கூட்டுறவு வங்கியும் மற்றவையும் சேர்த்து உங்கள் இந்தியக் கணக்குகளின் மொத்த இருப்பு ஒரு வருஷத்தில் எந்த ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அதற்கும் தனி அறிக்கை உண்டு. இவற்றில் எதுவும் விட்டுப்போயிருந்தால் நேர்காணலுக்கு முன்பே வரிக் கணக்காளரிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள். எந்த வருஷமாவது அமெரிக்காவில் வசிக்காதவர் (நான்ரெசிடென்ட்) என்று வரி தாக்கல் செய்திருந்தால், நிரந்தர வசிப்பையே கைவிட்டதாக ஊகிக்க அது இடம் கொடுக்கும். வக்கீலிடம் காட்டாமல் உள்ளே போகாதீர்கள்.

படிவத்தில் எழுதிய பயணத் தேதிகளைப் பாஸ்போர்ட்டில் உள்ள நெடும்பாசேரி, கோவை விமான நிலைய முத்திரைகளோடு ஒப்பிடுங்கள். தேதி தவறியிருந்தால் அதிகாரி அந்தப் பகுதிக்கு வரும்போது நீங்களாகவே சொல்லித் திருத்தலாம், அதில் குற்றமில்லை.

கேரளத்துக்காரர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். உலகின் எந்த நாட்டிலாவது கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராகவோ எந்த வகையிலாவது தொடர்புடையவராகவோ இருந்தீர்களா என்ற கேள்வி படிவத்தில் இருக்கிறது. நம் சித்தூர் தாலுகாவில் அது சாதாரண விஷயம். அங்கே சாதாரணமில்லை. விண்ணப்பத்துக்கு முந்தைய பத்து வருஷத்துக்குள் உறுப்பினராக இருந்தது குடியுரிமையையே தடுக்கலாம். தேர்தலில் ஓட்டுப் போட்டது உறுப்பினராவது ஆகாது. வேலைக்காக, பிழைப்புக்காகச் சேர வேண்டி வந்தவர்களுக்கும், 16 வயதுக்கு முன் இருந்தவர்களுக்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. கட்சி அட்டையோ, சிஐடியு மாதிரியான சங்கச் சந்தாவோ எப்போதாவது இருந்திருந்தால், குடியேற்ற வக்கீலைப் பார்த்துவிட்டே நேர்காணலுக்குப் போங்கள். சத்தியம் செய்துவிட்டு மறைப்பது, உறுப்பினராக இருந்ததைவிடப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். கிடைத்த குடியுரிமையையே பின்னாளில் பறிக்க அது இடம் கொடுக்கும்.

அன்று கால்மணி நேரம் முன்னதாகப் போனால் போதும். கடிதம், கிரீன் கார்டு, பழையதும் புதியதுமான எல்லாப் பாஸ்போர்ட்டுகளும், டெக்சாஸ் அடையாள அட்டை, மேலே சொன்ன காகிதங்கள் கையில் இருக்கட்டும். உங்கள் பெயரை உச்சரிப்பு மாற்றித்தான் கூப்பிடுவார்கள், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அறைக்குள் நின்றபடி வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்த பிறகே உட்கார வேண்டும். முடிவில், நேர்காணலின் முடிவைக் குறித்த என்-652 என்ற தாள் தருவார்கள். ஆங்கிலத்திலோ சிவிக்ஸிலோ தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் தவறிய பகுதிக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு. ஏழு மாத விஷயத்தில் கூடுதல் காகிதம் கேட்டால் குறித்த நாளுக்குள் அனுப்புங்கள். மறுத்தே விட்டாலும் 30 நாளுக்குள் என்-336 படிவத்தில் மறுவிசாரணை கேட்கலாம்.

நேர்காணலில் தேறியதும் கல்பாத்தித் தேருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். உறுதிமொழி விழாவில் கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள். அந்த நொடியிலிருந்து 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமையும் தானாகப் போய்விடும், இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அமெரிக்கப் பாஸ்போர்ட் வர வேண்டும், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதை வைத்து ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவுக்கு வயதாகிவிட்டதால், அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்தால் என்ன வழி என்று மகளோடு இப்போதே பேசி வையுங்கள். அந்த இடைவெளியில் கையில் அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் இந்திய விசாவும் இல்லாமல் நகர முடியாது.

தோப்பு உங்களுடையதாகவே இருக்கும். இந்தியாவில் வசித்தபோது வாங்கியதையும் பரம்பரையாக வந்ததையும் வைத்துக்கொள்ளலாம், அம்மா பங்கு வந்தாலும் பெற்றுக்கொள்ளலாம். புதிதாக வயலோ தோப்போ பண்ணை வீடோ வாங்கத்தான் முடியாது. வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும் இப்போதும் அந்தத் தடை உண்டு. விற்பதாக இருந்தால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். தோப்பின் ஆதாரத்தில் (நிலப் பத்திரத்தில்) வீட்டுப்பெயர் இனிஷியலாகவும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்பெயராகவும் இருந்தால், உறுதிமொழியின்போது பெயரை மாற்றிக்கொள்ளும் யோசனையை விட்டுவிடுங்கள். மூன்றாவதாக ஒரு பெயர் சேர்ந்தால் வில்லேஜ் ஆபீசிலும் ரிஜிஸ்டர் ஆபீசிலும் அதே ஆள்தான் என்று நிரூபிக்கவே அலைய வேண்டியிருக்கும். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இன்னும் இருந்தால், உறுதிமொழி முடிந்ததும் படிவம் 7 கொடுத்து நீக்கிவிடுங்கள்.