சாப்பாட்டைக் குறைத்தும் எடை நின்றுவிட்டது, மதியமானால் தலைசுற்றல்

இன்னும் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். காலையில் ஓட்ஸ், மதியம் வெள்ளரிக்காயும் மோரும், ராத்திரி இரண்டு சப்பாத்தி என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிக் கூட்டினாலும் 800 கலோரியைத் தாண்டாது. பெண்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 1200 கலோரிக்குக் கீழே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் போகக் கூடாது.

சோறு, தேங்காய், கிழங்கு மூன்றையும் நீங்கள் ஒரே நாளில் நிறுத்தியதுதான் தலைசுற்றலுக்குக் காரணம் என்று தோன்றுகிறது. அந்த இடத்தில் பயறு வரவில்லை. நம் குமரி மாவட்டத்துப் புட்டும் பயறும் நல்ல காலைச் சாப்பாடு. புட்டைப் பாதியாக்கிப் பயறை இரட்டிப்பாக்குங்கள். வேகவைக்காத 50 கிராம் சிறுபயறில் சுமார் 170 கலோரி, 12 கிராம் புரதம். பப்படம் பொரிக்காமல் சுட்டது போதும். மதியம் ஒரு கப் சோறு, பருப்பு, தோரன் (தேங்காய் சேர்த்த காய்ப் பொரியல்), தயிர். தேங்காய் ஒரு கைப்பிடி துருவலோடு நிற்கட்டும். அதுவே 100 கலோரி. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) ஆசையா? சோறு இல்லாத வேளையில் சாப்பிடுங்கள். கிழங்கில் புரதம் மிகக் குறைவு, பக்கத்தில் கடலைக்கறி வேண்டும்.

சரி, எடை நிஜமாகவே நின்றுவிட்டதா? மூன்று நாள் சாப்பாட்டை அளந்து எழுதுங்கள். தாளிக்கும் எண்ணெய், நேந்திரங்காய் சிப்ஸ், டீச் சர்க்கரை உட்பட. பலருடைய கணக்கிலும் விட்டுப்போவது இவைதான். எடையைத் தினமும் காலையில் பார்த்து வாரச் சராசரியை ஒப்பிடுங்கள்.

சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால் இதையெல்லாம் தொடங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், தலைசுற்றலுக்கு ஹீமோகுளோபினும் வைட்டமின் பி12-ம் பார்த்துவிடுங்கள்; சைவத்தில் பி12 குறைவது சகஜம்.