மெயில்மேன் நிறுவல் தகராறுகள்: கேள்வி-பதில்

மின்மடல் குழுக்களை நடத்தும் மெயில்மேன் மென்பொருளைப் பற்றிய கேள்விகள் இவை. பதிப்பு எண்ணும் பிழைச் செய்தியும் இல்லாமல் வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன். 'வேலை செய்யவில்லை' என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல? முதலில் லாக் பாருங்கள், பிறகு எழுதுங்கள்.

கேள்வி: மெயில்மேன் 3, மெயில் சர்வர் போஸ்ட்ஃபிக்ஸ். குழுவை உருவாக்கிவிட்டேன். மடல் அனுப்பினால் 'யூசர் அன்நோன் இன் லோக்கல் ரெசிபியன்ட் டேபிள்' என்று 550 பிழையோடு திரும்புகிறது.

அப்படி ஒரு குழு இருப்பதே போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியாது. மெயின் சிஎஃப் கோப்பில் டிரான்ஸ்போர்ட் மேப்ஸ், லோக்கல் ரெசிபியன்ட் மேப்ஸ் இரண்டிலும் மெயில்மேனின் டேட்டா அடைவிலுள்ள போஸ்ட்ஃபிக்ஸ்-எல்எம்டிபி கோப்பின் பாதையைக் கொடுங்கள். ரிலே டொமைன்ஸில் அதே அடைவின் போஸ்ட்ஃபிக்ஸ்-டொமைன்ஸ் கோப்பு. கோப்புகளே இல்லையா? 'மெயில்மேன் அலையசஸ்' கட்டளையை ஓட்டினால் உருவாகும். லோக்கல் ரெசிபியன்ட் மேப்ஸில் ஏற்கெனவே இருந்த மதிப்பை அழித்துவிடாதீர்கள். அழித்தால் சர்வரின் சொந்தப் பயனர்களுக்கு வரும் மடலும் திரும்பும். போஸ்ட்ஃபிக்ஸிடமிருந்து மடலை வாங்கும் மெயில்மேனின் எல்எம்டிபி சேவை 8024 போர்ட்டில் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: குழுவுக்கு மடல் போகிறது. ஆனால் சேர விரும்புபவர் உறுதிப்படுத்தும் மடலுக்குப் பதில் போட்டால் மட்டும் திரும்புகிறது.

போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் சிஎஃப் கோப்பில் ரெசிபியன்ட் டிலிமிட்டரை + என்று வையுங்கள். அவ்வளவுதான்.

கேள்வி: பழைய சர்வரில் மெயில்மேன் 2.1 நன்றாக ஓடியது. புதிய உபுண்டுவில் ஏறவே மாட்டேன் என்கிறது.

ஏறாது. அதற்கு பைத்தான் 2 வேண்டும். அதன் ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்துவிட்டது. மெயில்மேன் 3 போடுங்கள். ஒவ்வொரு குழுவின் அமைப்பையும் இம்போர்ட்21 கட்டளையால் ஏற்றலாம். பழைய மடல்கள் தனியே, எம்பாக்ஸ் கோப்பிலிருந்து, மெயில்மேனின் மடல் காப்பகமான ஹைப்பர்கிட்டிக்கு ஹைப்பர்கிட்டி-இம்போர்ட் வழியாக வரும். அது முடிந்ததும் தேடல் அட்டவணையைப் புதுப்பிக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: 'பெர்மிஷன் டினைடு' வந்தது. மெயில்மேன் அடைவு முழுவதற்கும் 777 (எவரும் படிக்க, எழுத, இயக்க அனுமதி) கொடுத்தேன், சரியானது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி அதே பிழை. ஏன்?

777 என்ற எண்ணை எந்தப் புண்ணியவான் பரப்பினாரோ, மாதம் ஒருவராவது இதோடு வருகிறார்கள். அந்த அடைவில் உங்கள் டேட்டாபேஸ் கடவுச்சொல், வலைப்பக்கங்களை இயக்கும் ஜாங்கோவின் ரகசியச் சாவி, ரெஸ்ட் கடவுச்சொல் எல்லாம் இருக்கின்றன. சர்வரில் கணக்குள்ள எவரும் இனி அவற்றைப் படிக்கலாம், மாற்றலாம்.

அப்படியும் நோய் தீரவில்லை, ஏனென்றால் சிக்கல் அனுமதி எண்ணில் இல்லை, உரிமையாளரில் இருக்கிறது. நீங்கள் எப்போதோ ரூட் பயனராக மெயில்மேன் கட்டளை ஒன்றை ஓட்டியிருக்கிறீர்கள். மெயில்மேன் 3 அதை மறுத்து எச்சரித்திருக்கும். நீங்கள் 'ரன்-ஆஸ்-ரூட்' சேர்த்து வாயை அடைத்திருப்பீர்கள். அன்று உருவான லாக், பூட்டு, வரிசைக் கோப்புகள் ரூட்டின் பெயரில் நிற்கின்றன. 777 அன்றைக்கு இருந்த கோப்புகளுக்குத்தான். அடுத்து ரூட் உருவாக்கும் கோப்பு பழையபடி மூடியே பிறக்கும்.

சர்வீஸை நிறுத்துங்கள். மெயில்மேன் பிராசஸ் எதுவும் மிச்சமில்லை என்று உறுதிசெய்யுங்கள். மெயில்மேன் தன் கோப்புகளை வைக்கும் 'வார்' (var) அடைவு முழுவதன் உரிமையையும் மெயில்மேன் பயனருக்கு மாற்றுங்கள். டெபியன் பொதியாக இருந்தால் அந்தப் பயனரின் பெயர் 'லிஸ்ட்'. பிறகு கோப்பின் குரூப்புக்கும் பிறருக்கும் எழுதும் அனுமதியை எடுத்துவிட்டு, கடவுச்சொல் உள்ள கோப்புகளை 640 (உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம்; குரூப் படிக்க மட்டும்; பிறருக்கு எதுவுமில்லை) ஆக்குங்கள். கடவுச்சொற்களையும் மாற்றிவிடுங்கள், அவை வெளியானவை. மெயில்மேன் தன் மாஸ்டர் பிராசஸின் பூட்டு பழையது என்று புலம்பினால் 'ஸ்டார்ட்' கட்டளையோடு 'ஃபோர்ஸ்' சேருங்கள், ஆனால் வேறு மாஸ்டர் ஓடவில்லை என்று பார்த்த பிறகு மட்டும்.

ரெட்ஹேட் வகை சர்வரில் உரிமையும் அனுமதியும் சரியாக இருந்தும் தடை வந்தால், அது எஸ்இலினக்ஸ் என்ற தனிப் பாதுகாப்பு அடுக்கு. அதற்கு 777 செல்லவே செல்லாது. ஆடிட் லாக்கில் தேடுங்கள்.

ரூட்டாக ஓட்டாதீர்கள்.

கேள்வி: மடல்கள் உறுப்பினர்களுக்குப் போகின்றன, ஹைப்பர்கிட்டி காப்பகம் மட்டும் காலி.

மெயில்மேன் பக்கத்து ஏபிஐ சாவியும் ஜாங்கோ பக்கத்து ஆர்க்கைவர் சாவியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒட்டும்போது ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டாலும் போச்சு. சரிசெய்து இரண்டு சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். தேங்கிய மடல்கள் ஸ்பூல் அடைவில் இருக்கும், அடுத்த மடல் வரும்போது கூடவே ஏறும். பின்னணி வேலைகளைச் செய்யும் கியூகிளஸ்டர் ஓடுகிறதா? பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: மைஎஸ்கியூஎல். தமிழ் மடல்கள் பிரச்சினையில்லாமல் ஏறுகின்றன, சிரிப்பு எமோஜி வந்தால் மட்டும் காப்பகத்தில் பிழை.

தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் 3 பைட், எமோஜி பெரும்பாலும் 4. மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யுடிஎஃப்8' 3-க்கு மேல் தாங்காது. டேட்டாபேஸையும் டேபிள்களையும் 'யுடிஎஃப்8எம்பி4' ஆக்குங்கள், ஜாங்கோ இணைப்பு அமைப்பிலும் அதையே குறிப்பிடுங்கள். பேக்கப் எடுத்த பிறகு! புதிதாகத் தொடங்குபவர் போஸ்ட்கிரெஸ் போட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

கேள்வி: கம்ப்ரெஸ் கட்டளையில் 'சாஸ்சி நாட் ஃபவுண்ட்'.

சாஸ்சி (வலைப்பக்க ஸ்டைல் கோப்புகளைத் தொகுக்கும் நிரல்) பொதியை நிறுவுங்கள். பிழைச் செய்தியே அதைத்தானே சொல்கிறது!

கேள்வி: எல்லாம் பச்சையாக இருக்கிறது, ஒரு மடலும் வெளியே போகவில்லை. கிளவுட் சர்வர்.

மடல் வெளியே போகும் 25-ஆம் போர்ட்தான். கூகுள் கிளவுட் வெளிச்செல்லும் 25-ஐ அடைத்தே வைத்திருக்கிறது; அமேசானில் விண்ணப்பித்துத் திறக்கச் சொல்ல வேண்டும். மெயில்மேனைத் தொடாமல், சர்வரிலிருந்து ஏதாவது ஒரு வெளி மெயில் சர்வரின் 25-க்கு டெல்நெட் போட்டுப் பாருங்கள். பதில் வராமல் தொங்கினால், போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட் (மடலை வாங்கி அனுப்பும் வேறொரு சர்வர்) அமைத்து 587 போர்ட் வழியாக அனுப்புங்கள்.