கொண்டை ஊசி வளைவில் இரண்டு டன்

கேள்வி: நெடுங்காலம் ஸ்விஃப்ட் ஓட்டிய நான், அண்மையில் 175 குதிரைத்திறனும் ஏறக்குறைய இரண்டு டன் எடையும் கொண்ட டீசல் எஸ்.யு.வி. ஒன்றுக்கு மாறினேன். சக்தி இரு மடங்குக்கு மேல் இருந்தும், கொல்லிமலை ஏறும்போது பழைய குஷி இல்லையே, ஏன்?
– வாசகர், நாமக்கல்

பதில்: சக்தியை எடையால் வகுத்துப் பாருங்கள். இன்றைய ஸ்விஃப்ட்டின் எடை சுமார் 920 கிலோ, சக்தி 82 குதிரைத்திறன். டன்னுக்கு 89 என்று வருகிறது. உங்கள் புதிய வண்டியிலும் கணக்கு அதையே ஒட்டித்தான் நிற்கிறது. டீசல் இன்ஜினின் இழுவிசை ஏற்றத்தில் கைகொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கிடைக்கும் இன்பம், பிரேக்கை மிதிப்பதற்கும் ஸ்டீயரிங்கை ஒடிப்பதற்கும் வண்டி எவ்வளவு சீக்கிரம் இணங்குகிறது என்பதைப் பொறுத்தது.

எடை இரு மடங்கானால் டயரின் பிடிமானமும் இரு மடங்காகும் என்று தோன்றலாம். டயரின் மீது பாரம் கூடக்கூடப் பிடிமானமும் கூடும். ஆனால் அதே விகிதத்தில் கூடுவதில்லை. போதாக்குறைக்கு, உயரமான வண்டியின் ஈர்ப்பு மையமும் உயரத்தில் இருப்பதால், வளைவில் பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களின் மீது அதிகமாகச் சரிகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி முதலில் சாய்ந்து, அதன் பிறகே திரும்புவதுபோல உணர்வீர்கள். குஷியைக் கெடுப்பது அந்தச் சிறு தயக்கம்தான். இறக்கத்திலோ, ஒரே வேகத்திலிருந்து நிறுத்துவதற்கு இரு மடங்கு எடை இரு மடங்கு வெப்பத்தை பிரேக்கின் மீது ஏற்றுகிறது என்பதால், தாழ்ந்த கியரில் இறங்குவது அவசியம்.

எடையைப் பற்றிப் பேசும் அளவுக்கு நம்மவர்கள் அகலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 5.5 மீட்டர் அகலமுள்ள மலைச்சாலையில் 1.9 மீட்டர் அகல வண்டிகள் இரண்டு எதிர்ப்பட்டால், இரு ஓரங்களுக்கும் நடு இடைவெளிக்குமாகச் சேர்த்து 1.7 மீட்டரே மிஞ்சும். அதிலும் பக்கக் கண்ணாடிகள் பங்கு கேட்கும். ஸ்விஃப்ட்டின் அகலம் 1.735 மீட்டர். ஒரு சாண்கூட இல்லாத இந்த வித்தியாசம், வளைவை எந்தப் பக்கமாக எடுப்பது என்று தேர்ந்துகொள்ளும் வசதியை ஓட்டுபவருக்குத் தருகிறது. 1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார், ஒரு டன்னுக்குக் குறைந்த எடையும் எளிய 1.6 லிட்டர் இன்ஜினும் கொண்ட வண்டிதான்; ஆனாலும் ஓட்டும் சுகத்துக்காகவே கார் வாங்குபவர்கள் இன்றும் அதைத் தேடுகிறார்கள்.

சிறிய காருக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக 400 கிலோ ஏறினால், ஸ்விஃப்ட்டுக்கு அது தன் எடையில் நாற்பது சதவீதத்துக்கும் மேல், உங்கள் எஸ்.யு.வி.க்கோ இருபது சதவீதம்தான். பழைய குஷி, பெரும்பாலும் தனியாகப் போன பயணங்களில் கிடைத்ததாக இருக்கலாம்.

கேள்வி: நான் அடிக்கடி குடும்பத்துடன் நான்குவழிச் சாலையில் சென்னை செல்பவன். எனக்கும் சிறிய கார் பொருந்துமா?
– வாசகி, சேலம்

பதில்: அவ்வளவாகப் பொருந்தாது. பேருந்தை முந்தும்போது வீசும் பக்கக் காற்றுக்கு எடை குறைந்த வண்டி எளிதில் அலையும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகமுள்ள வண்டி மேடுபள்ளங்களிலும் நிதானமாகச் செல்லும். அதற்காக எஸ்.யு.வி.தான் வேண்டும் என்பதில்லை. தாழ்வான நடுத்தர செடான் ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள். ஷோரூம்காரர் உங்களை மட்டும் அமர்த்தி ஒரு சுற்று சுற்றிக் காட்டினால் போதாது; வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மேம்பாலம் ஏறி இறங்கிய பிறகு முடிவெடுங்கள்.